பாதிப் படிப்பில் பல்கலைக்கழகம் மாறலாமா? அமெரிக்காவில் இருக்கும் வழிகளும் ஒவ்வொன்றின் கணக்கும்

முதல் செமஸ்டர் முடிந்து பிள்ளை டிசம்பர் விடுமுறைக்கு வீடு வந்ததும்தான் பெரும்பாலும் இந்தப் பேச்சு எழும். “டிரான்ஸ்பர் போட்டுப் பார்க்கலாமா?” பள்ளி முடிக்கும்போது கைநழுவிப் போன ஸ்டான்ஃபோர்டோ கார்னெலோ இன்னும் மனதை விட்டுப் போயிருக்காது. இணையத்தில் தேடினால் ஒவ்வொரு பல்கலைக்கும் ஒரு சதவீதம் வந்து நிற்கும்: ஒன்றில் 1, இன்னொன்றில் 15, வேறொன்றில் 25. அந்த எண்களை வரிசைப்படுத்தி முடிவெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். காலியிடம் எப்படி உருவாகிறது, அது யாருக்கென்று வைக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்காத வரை அந்தச் சதவீதத்தால் உங்களுக்குப் பயனில்லை.

தனியார் பல்கலைகளில் ஒருவர் வெளியேறினால்தான் ஓர் இடம் காலியாகும். ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களில் முதலாமாண்டில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாமாண்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். காலியாவது கொஞ்சம், அதிலும் விடுதியில் கட்டில் இருந்தால்தான் ஆள் எடுப்பார்கள். விடுதி நெருக்கடியால் ஹார்வர்டு 2008இல் டிரான்ஸ்பர் சேர்க்கையையே இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. பிரின்ஸ்டன் 1990இல் மூடிய கதவை 2018இல்தான் திறந்தது. அந்த ஆண்டு விண்ணப்பித்த 1,400க்கும் மேற்பட்டோரில் 13 பேருக்கு இடம் கொடுத்தது. அதுவும் இராணுவத்தில் பணியாற்றியவர்கள், கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டு அரசுக் கல்லூரி மாணவர்கள், வருமானம் குறைந்த குடும்பத்தினர் ஆகியோரை மனதில் வைத்து.

கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைகளில் கணக்கே வேறு. 1960இல் வந்த மாநில உயர்கல்வித் திட்டத்திலிருந்து அங்கே மூன்றாமாண்டில் சேர்வதற்கென்றே இடங்கள் திட்டமிடப்படுகின்றன. முதலாமாண்டில் இருவரைச் சேர்த்தால் டிரான்ஸ்பரில் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்பது யுசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பின் இலக்கு. இங்கே யாரும் வெளியேறக் காத்திருக்க வேண்டியதில்லை. இடம் முன்கூட்டியே இருக்கிறது, ஆனால் அந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு.

பெயர்பெற்ற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

நல்ல நான்காண்டுப் பல்கலையில் படித்துக்கொண்டே அதைவிடப் பெரிய பெயருள்ள தனியார் பல்கலைக்குப் போவதைத்தான் பலரும் டிரான்ஸ்பர் என்கிறார்கள். வழிகளிலேயே வாய்ப்பு மிகக் குறைந்தது இதுதான். ஹார்வர்டு தானே சொல்லும் கணக்குப்படி, ஆண்டுக்குச் சராசரியாக 12 பேர். யேலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு 20 முதல் 30 இடங்கள். ஸ்டான்ஃபோர்டில் நூற்றுக்கு ஒருவர், இருவர்.

இதே கூட்டத்தில் கார்னெல் மட்டும் தனி ரகம். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்களை டிரான்ஸ்பரில் சேர்க்கிறது. அதன் வேளாண்மை, மனிதச் சூழலியல், தொழிலாளர் உறவுகள் கல்லூரிகள் நியூயார்க் மாநில அரசின் ஆதரவில் நடப்பவை; அந்த மாநில ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்து மாணவர் வருவது அங்கே பழைய வழக்கம். எனவே கார்னெலின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்துவிட்டு அதன் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் கணக்கு உதைக்கும். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலையான யுஎஸ்சியும் இப்படித்தான். அங்கே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் சேர்பவர்களில் சுமார் பாதிப் பேர் கலிஃபோர்னியக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள்.

உண்மை எண்ணைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பல்கலையின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள்; பல்கலைகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் டி பகுதி முழுக்க டிரான்ஸ்பர். டி2 அட்டவணையில் விண்ணப்பித்தவர், இடம் பெற்றவர், சேர்ந்தவர் எண்ணிக்கை இருக்கும். அதே பகுதியில் ஈராண்டு, நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அதிகபட்சம் எத்தனை கிரெடிட் (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் அலகு) ஏற்பார்கள் என்பதும் இருக்கும். பி22இல் முதலாமாண்டு மாணவர் எத்தனை சதவீதம் திரும்பி வந்தார்கள் என்று தெரியும். இடம் பெற்றவர்களைவிடச் சேர்ந்தவர்கள் மிகக் குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பணம் அல்லது கிரெடிட். எண்ணை ஓராண்டுக்கு மட்டும் பார்த்தால் போதாது, மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். விடுதி நிலவரத்தைப் பொறுத்து அது ஏறி இறங்கும்.

எப்போது விண்ணப்பிப்பது என்பதும் முக்கியம். முதலாமாண்டிலேயே போட்டால் அவர்கள் கையில் ஒரே ஒரு செமஸ்டர் மதிப்பெண்தான் இருக்கும். ஆகவே முன்பு உங்களை நிராகரித்தபோது பார்த்த பள்ளி மதிப்பெண்ணையே மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். பள்ளிப் பதிவு சுமாராக இருந்து கல்லூரியில் நன்றாகச் செய்பவர் இரண்டாமாண்டு வரை பொறுத்தால் மூன்று செமஸ்டர் பேசும். அதற்கு மேல் பொறுக்கவும் முடியாது. ஈராண்டுக்கு மேல் முடித்தவர்களை ஹார்வர்டு எடுப்பதில்லை. குறைந்தது நான்கு செமஸ்டர் எங்களிடம் படித்தால்தான் எங்கள் பட்டம் என்பது ஹார்வர்டு, யேல், கொலம்பியா எல்லாவற்றிலும் விதி.

விண்ணப்பத்தில் எல்லாரையும் காலை வாரும் தாள் ஒன்று இருக்கிறது: மிட்-டெர்ம் ரிப்போர்ட். நடப்பு செமஸ்டரில் ஒவ்வொரு பாடத்திலும் இப்போது என்ன கிரேடு என்று அந்தந்தப் பேராசிரியர் எழுதித் தர வேண்டும். கடைசித் தேதி மார்ச்சில், பாடத்தில் நடந்திருப்பதோ ஒரே ஒரு தேர்வு. பெரிய வகுப்பு நடத்தும் பேராசிரியர் “இப்போதைக்குக் கிரேடு சொல்ல முடியாது” என்றால் தாள் அங்கேயே நின்றுவிடும். பிப்ரவரி முதல் வாரத்திலேயே படிவத்தைக் காட்டிப் பேசிவைத்தால் இந்தச் சிக்கல் வராது. சிபாரிசுக் கடிதமும் இப்படித்தான். 300 பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கியிருந்தாலும் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியாது. உதவி ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு அந்த எடை கிடையாது. மாறும் எண்ணம் இருந்தால் முதல் செமஸ்டரிலேயே 20 பேருக்குள் இருக்கும் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் அவர்கள் தேடுவது ஒரே விஷயம்: ஏன் மாற வேண்டும்? “உங்கள் உலகப் புகழ்பெற்ற வளாகத்தில் என் கனவுகளைத் தொடர விரும்புகிறேன்” என்பதை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். “இங்கே தொழிலாளர் சட்டத்தில் இளநிலைக்கு ஒரே ஒரு பாடம்தான். அதைப் போன செமஸ்டரில் முடித்துவிட்டேன். அடுத்தது முதுநிலை மாணவருக்கு மட்டும் என்கிறார்கள்” என்பது வேறு மாதிரிப் படும். இருக்கும் கல்லூரியைத் திட்டுவது மட்டும் கூடாது. நாளை இங்கேயும் இப்படித்தான் குறை சொல்வார் என்று வாசிப்பவருக்குத் தோன்றிவிடும்.

கம்யூனிட்டி காலேஜ் வழியாக யுசி

யுசியின் பெர்க்லி வளாகத்துக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏவுக்கும் போக விரும்புபவருக்கு இதுதான் ராஜபாட்டை. நம் வீடுகளில் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்றால் முகம் சுளிப்பார்கள், அது அறியாமை. யுசிஎல்ஏவில் டிரான்ஸ்பரில் இடம் பெறுவோரில் நூற்றுக்கு 90க்கும் மேல் கலிஃபோர்னியக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள். வேறு மாநிலத்தில் நல்ல பெயருள்ள பல்கலையில் 3.9 ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வைத்திருப்பவரைவிட, குப்பர்டினோவின் டி ஆன்சாவிலோ சாண்டா மோனிகா காலேஜிலோ 3.9 வைத்திருப்பவர் வரிசையில் முன்னால் நிற்கிறார். மாநிலவாசிக்கு அங்கே கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். வெளிநாட்டு மாணவருக்கு அதைப்போலப் பல மடங்கு. அப்படியும் பல்கலைக் கட்டணத்துக்குக் கீழேதான்.

இந்த வழியில் சிபாரிசுக் கடிதம் இல்லை, எஸ்ஏடி நுழைவுத் தேர்வு இல்லை, பள்ளி மதிப்பெண்ணையும் வைத்து எடைபோடுவதில்லை. முழுக்கணக்கும் கல்லூரிப் பாடங்கள்தான். ‘அசிஸ்ட்’ என்ற மாநில இணையதளத்தில் உங்கள் கல்லூரி, போகும் வளாகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று இரண்டு பத்தியாகக் காட்டும். அந்தப் பக்கத்தை முதல் செமஸ்டர் தொடங்கும் முன்பே அச்செடுத்து வைப்பது நல்லது.

சேரும் ஆண்டின் வசந்த செமஸ்டர் முடிவுக்குள், அதாவது இலையுதிர் காலச் சேர்க்கைக்கு முன், 60 செமஸ்டர் யூனிட் தேவை. ஆண்டை இன்னும் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் இது 90. விண்ணப்பத்தில் 350 சொல்லுக்குள் நான்கு பதில்கள்: ஒன்று கட்டாயம், மற்ற மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில். அதை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஜனவரியில் கோட்டை விடுகிறார்கள். இலையுதிர் செமஸ்டர் மதிப்பெண்ணையும் வசந்தப் பாடங்களையும் ஜனவரி 31க்குள் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். அதை விட்டால் நல்ல விண்ணப்பமும் வீண்.

உத்தரவாதமும் உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என ஆறு வளாகங்கள் ‘டாக்’ ஒப்பந்தம் தருகின்றன. செப்டம்பர் மாதம் முழுவதும் விண்ணப்பிக்கலாம், ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும். ஜிபிஏ வரம்பு வளாகத்துக்கு வளாகம் மாறும். இர்வைனும் சாண்டா பார்பராவும் 3.4 கேட்கின்றன. பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோவில் இந்த ஒப்பந்தம் கிடையாது. சாண்டா பார்பராவின் பொறியியல் கல்லூரியும் இதற்குள் வராது. ‘டாக்’ போட்டுவிட்டு அதோடு பெர்க்லிக்கும் யுசிஎல்ஏவுக்கும் சாதாரணமாக விண்ணப்பிப்பதே நடைமுறை. கீழே ஒரு வலை இருக்கிறது, மேலே தைரியமாக ஏறலாம்.

ஆனால் மேஜர் என்ற ஒன்று இருக்கிறது. யுசி தன் டிரான்ஸ்பர் எண்களை வளாகம், மேஜர் வாரியாக வெளியிடுகிறது. யுசிஎல்ஏவின் மொத்த விகிதம் நான்கில் ஒருவரை ஒட்டி இருக்கும். கணினி அறிவியலுக்குப் போனால் அது ஒற்றை இலக்கச் சதவீதம். எளிய மேஜரில் நுழைந்து பிறகு கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனை ஊருக்கே தெரியும், பல்கலைக்கும் தெரியும். தேவை மிகுந்த மேஜர்களில் அந்தக் கதவை ஏற்கெனவே அடைத்துவிட்டார்கள்.

நிபந்தனையோடு முன்கூட்டியே கிடைக்கும் வாக்குறுதி

முதலாமாண்டு விண்ணப்பத்தை நிராகரிக்கும்போதே சிலருக்குக் கார்னெல் ‘டிரான்ஸ்பர் ஆப்ஷன்’ தருகிறது: ஓராண்டு வேறெங்காவது படித்து, சொன்ன பாடங்களை எடுத்து, சொன்ன ஜிபிஏவோடு வந்தால் இடம் உறுதி. எமரி பல்கலையின் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரியில் தொடங்குபவர் அங்கே தேவையானதை முடித்ததும் அட்லாண்டா வளாகத்துக்குப் போகிறார். வர்ஜீனியாவில் அந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் வர்ஜீனியா பல்கலையான யுவிஏவுக்கும் உத்தரவாத ஒப்பந்தம் இருக்கிறது.

கையில் எழுத்துப்பூர்வமாக இப்படி ஒன்று இருந்தால் மற்ற எல்லா வழியையும்விட அதுதான் மேல் என்பது எங்கள் கருத்து. கடிதத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவே. ஏ கிரேடுகளோடு வந்தவர்களும் கேட்ட பாடங்களில் ஒன்றை விட்டதால் இடத்தை இழப்பதுண்டு. முதல் கல்லூரியில் அந்தப் பாடத்தில் இடம் நிரம்பிவிட்டால் உடனே கார்னெலுக்கு மின்னஞ்சல் எழுதி மாற்றுப் பாடத்துக்கு ஒப்புதல் வாங்கி, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கிரெடிட் கரைவது எப்படி

மாநிலப் பல்கலை ஒன்றில் மூன்று செமஸ்டர் முடித்த கணினி மாணவரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் 46 கிரெடிட். கால்குலஸ் இரண்டும் 8, ஆய்வகத்தோடு இயற்பியல் 4, ஜாவாவில் நிரலாக்கமும் டேட்டா ஸ்ட்ரக்சரும் 8, தனிநிலைக் கணிதம் 3, எழுத்துப் பயிற்சி 3, பொருளியல் 3, வரலாறு 3, வணிகத் தொடர்பு 3, சொந்த நிதி மேலாண்மை 3, பள்ளியில் எழுதிய ஏபி (கல்லூரி நிலைப் பாட) தேர்வுகளுக்காகக் கிடைத்தது 8.

புதிய இடத்தில் வணிகத் தொடர்பும் நிதி மேலாண்மையும் தொழில்சார் பாடங்கள் என்று தள்ளப்படும்: 40. ஏபி கிரெடிட்டைப் பழைய பல்கலை கொடுத்தது என்பதற்காகப் புதியது கொடுக்காது. அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண்ணை மறுபடி வரவழைத்துத் தன் விதிப்படி பார்க்கும். அந்த விதி கடுமையாக இருந்தால் 32. இனி ஜாவா. யுசிஎல்ஏவில் தொடக்க நிரலாக்கப் பாடங்களான சிஎஸ் 31, 32 இரண்டும் சி++ மொழியில் நடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஜாவாப் பாடம் விருப்பப் பாடமாக ஏறும், தொடர்வரிசையில் ஏறாது. ஆக 32 இருந்தும் பட்டத்துக்கு நேரடியாக உதவுவது 24தான். மூன்று செமஸ்டர் படித்தவர் ஏறத்தாழ ஓராண்டு முடித்தவராக நிற்கிறார். கொலம்பியா போன்ற இடத்தில் எல்லாருக்கும் கட்டாயமான அதன் ‘கோர்’ பாடங்களும் இதன் மேல் வந்து சேரும்.

ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் என்ன என்று தோன்றலாம். பெரிய தனியார் பல்கலைகளில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தொடுகிறது. அரை ஆண்டு என்பது சின்ன விஷயமில்லை.

எனவே எடுத்த ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரியான சிலபஸை, பாடநூல் பெயரோடு, அந்தந்த செமஸ்டரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பாடம் முடிந்ததும் இணையப் பக்கத்தை மூடிவிடுவார்கள். மதிப்பீட்டில் ஒரு பாடம் தள்ளப்பட்டால் துறையிடம் முறையிட அந்தத் தாள்தான் ஆயுதம்.

பணமும் விசாவும்

முதலாமாண்டில் கிடைத்த மெரிட் உதவித்தொகை டிரான்ஸ்பரில் கூடவே வராது, புதிதாகக் கிடைப்பதும் அரிது. தேவை அடிப்படையிலான உதவியில் ஹார்வர்டும் யேலும் டிரான்ஸ்பர் மாணவரையும் முதலாமாண்டு மாணவரைப் போலவே நடத்துகின்றன. கார்னெலில் வெளிநாட்டு டிரான்ஸ்பர் மாணவருக்கு உதவி மிக மிகக் குறைவு. யுசியில் வெளிநாட்டவருக்கு உதவி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்; வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் பல்கலை மாறும்போது செவிஸ் (வெளிநாட்டு மாணவருக்கான அமெரிக்க அரசின் தரவுத்தளம்) பதிவும் மாற வேண்டும். பழைய பல்கலையின் சர்வதேச அலுவலகத்திடம் சொல்லி ‘ரிலீஸ்’ தேதி குறிப்பார்கள். அந்தத் தேதி கடந்தால் பதிவு புதிய பல்கலையின் கையில், திரும்பப் பெற முடியாது. பழைய வளாக வேலையும் அன்றோடு முடிந்தது. கோடையில் நூலகத்தில் வேலை பார்ப்பவர் தேதியை அதற்கேற்பத் தள்ளிக் கேட்கலாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவில் பழைய பல்கலையின் பெயர் இருந்தாலும் அது காலாவதியாகாத வரை புதிய பல்கலை தரும் ஐ-20 படிவத்தோடு நுழையலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்மொழிந்த விதி ஒன்றில், முதல் கல்வியாண்டு முடியும் முன் பல்கலை மாறுவதைக் கட்டுப்படுத்தும் பிரிவும் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அதன் அன்றைய நிலையைச் சர்வதேச அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்துக்கொண்டே முயல்பவருக்கு ஒரு கூடுதல் தலைவலி. அண்ணா பல்கலையின் இணைப்புக் கல்லூரிகளில் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) தருவது கல்லூரி இல்லை, கிண்டியில் இருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். இப்போது படிக்கும் கல்லூரி தர வேண்டிய ‘காலேஜ் ரிப்போர்ட்’ படிவத்தையோ முதல்வர் அலுவலகத்தில் நிரப்பி வாங்க வேண்டும். அமெரிக்க மார்ச் கெடுவுக்கு இந்த இரண்டையும் டிசம்பரிலேயே கிளப்பினால்தான் சரிவரும்.

இருக்கும் இடத்திலேயே இருந்தால்

பெயருக்காக மட்டும் மாற நினைப்பவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். நல்ல ஜிபிஏ, ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் ஈராண்டு உழைப்பு, பிறகு அதே பெரிய பெயரில் முதுநிலை. மாறிப் போனவருக்கு மூன்றாமாண்டில்தான் புதிய பேராசிரியர்கள் அறிமுகமாவார்கள். அடுத்த டிசம்பருக்குள் முதுநிலைக்கு மூன்று சிபாரிசுக் கடிதம் வேண்டும். அந்த நெருக்கடி மாறாதவருக்கு இல்லை. எஃப்-1இல் இருப்பவருக்கு இன்னொன்று: இளநிலைக்கு ஒரு ஓபிடி (படித்த துறையில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் தற்காலிக அனுமதி), முதுநிலைக்கு இன்னொரு ஓபிடி. பல்கலை மாறியதற்காகக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. கோடை ஆய்வுப் பயிற்சிகளில் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் ‘ஆர்இயு’ இடங்கள் குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் என்பதால் எஃப்-1 மாணவர் சொந்தப் பல்கலையின் நிதியைத்தான் தேட வேண்டும்.

வேண்டிய மேஜரே இல்லை, வீட்டின் பணநிலை மாறிவிட்டது, குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள அருகில் இருக்க வேண்டும் — இவை வேறு கதை. அப்போது மாறத்தான் வேண்டும். பட்டியலில் எழுத்துப்பூர்வ உத்தரவாதம் உள்ள ஒன்றையாவது சேர்த்துவிட்டுப் பிறகு ஹார்வர்டு, யேல் பக்கம் (இரண்டுக்கும் மார்ச் 1), கார்னெல், ஸ்டான்ஃபோர்டு பக்கம் (மார்ச் 15) போகலாம்.

மே, ஜூனில் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் கட்டும் முன் கிரெடிட் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். எந்த ஆண்டு மாணவராகச் சேர்கிறீர்கள், எந்த செமஸ்டரில் பட்டம் என்று அதில் இருக்க வேண்டும். வசந்த செமஸ்டரின் இறுதி மதிப்பெண் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அதுவரை படிப்பில் கை தளரக் கூடாது. பழைய பல்கலையில் உடனே விலகல் கடிதம் கொடுக்காமல், அங்கே ‘லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்’ எடுக்க முடியுமா என்று பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பல இடங்களில் ஒரு செமஸ்டரோ ஓராண்டோ தருவார்கள். சில இடங்களில் அந்த விடுப்பின்போது வேறு பல்கலையில் பட்டப்படிப்பு மாணவராகச் சேரக் கூடாது என்று விதி இருக்கும், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.